முழங்காலுக்கு முன்னும் பின்னும்: ரெட் கிரேஞ்ச் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கால்பந்தின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், 'தொழில்முறை ஆட்டத்தைக் காப்பாற்றியவர்' என்ற பெருமை உடனே ரெட் கிரேஞ்சுக்குப் போய்விடும். 1925ஆம் ஆண்டுக் கடைசியில் அவர் சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்தது, அந்த அணி நாடு முழுக்கச் சுற்றி ஆடியது, போன இடமெல்லாம் கூட்டம் அலைமோதியது, இதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதை. கதை உண்மைதான். ஆனால் அது இரண்டே மாதக் கதை. அதற்குப் பிறகும் 1935 தொடக்கம் வரை அவர் ஆடினார். நடுவில் ஒரு முழங்கால் போயிற்று. முழங்கால் போன பிறகு திரும்பி வந்தவர் முற்றிலும் வேறு மாதிரியான ஆட்டக்காரர். முதல் கிரேஞ்ச் டிக்கெட் விற்றார். இரண்டாவது கிரேஞ்ச் ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். என் கணிப்பில் தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பெயருக்கு அதிகத் தகுதி இரண்டாமவருக்குத்தான். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும். இது நாம் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டம் இல்லை. பக்கத்துக்கு 11 பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிராளியின் கோடு வரை ஓட வேண்டும், அல்லது முன்னால் ஓடுபவருக்கு எறிய வேண்டும். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறினால் பந்து நம் கையிலேயே இருக்கும். முடியாது என்று தெரிந்தால் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பன்ட். கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. பந்து வைத்திருப்பவரைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பது டாக்கிள். கபடியில் பாடி வந்தவரை அமுக்குவதை நினைத்துக்கொண்டால் போதும். இன்று தாக்குவதற்குத் தனி ஆட்கள், தடுப்பதற்குத் தனி ஆட்கள். 1920களில் அப்படிக் கிடையாது. தாக்கிய அதே 11 பேர்தான் அடுத்த நிமிடம் தடுக்கவும் வேண்டும். தலையில் ஒரு தோல் தொப்பி; பாதுகாப்புக் கவசங்கள் குறைவு. ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்ய வேண்டியிருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேஞ்சின் இரண்டாவது வாழ்க்கைக்கு வழி விட்டது அதுதான்.

ஹரால்ட் எட்வர்ட் கிரேஞ்ச் 1903 ஜூன் 13 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபோர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா லைல் கிரேஞ்ச் மரம் வெட்டும் முகாம்களில் மேஸ்திரி. ஐந்து வயதில் அம்மா இறந்துவிட, குடும்பம் சிகாகோவுக்கு மேற்கே இருக்கும் வீட்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பா போலீஸ் வேலைக்குப் போனார். பையன் கோடை விடுமுறைகளில் ஐஸ் வண்டியில் வேலை பார்த்தான். ஃப்ரிட்ஜ் வராத காலம். கனமான ஐஸ் பாளங்களைத் தோளில் தூக்கி வீடு வீடாகப் போட வேண்டும். கால்களும் தோள்களும் உரமேறியது அதில்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார். பெரிய ஆட்டக்காரரான பிறகும் கோடைக்கு வீட்டன் திரும்பி அதே வேலையைச் செய்தார். பத்திரிகைகள் அவருக்கு 'வீட்டன் ஐஸ்காரர்' என்று பேர் வைத்தன.

இலினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கால்பந்து ஆடும் எண்ணமே அவருக்கு இல்லை. கூடைப்பந்தும் ஓட்டப்பந்தயமும் போதும் என்றிருந்தார். விடுதித் தோழர்கள்தான் வற்புறுத்தி அனுப்பினார்கள். பயிற்சியாளர் ராபர்ட் ஸப்கே கையில் கிடைத்த பையனை ஹாஃப்பேக்காக, அதாவது பந்தை வாங்கி ஓடுபவராக வளர்த்தெடுத்தார். சட்டை எண் 77. அந்த எண்ணுக்கு ஏதாவது காரணம் உண்டா என்று கேட்டவர்களுக்கு கிரேஞ்ச் சொன்ன பதில்: வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனுக்கு 76 கிடைத்தது, பின்னால் நின்றவனுக்கு 78.

1924 அக்டோபர் 18. புதிய நினைவு அரங்கத்தின் அர்ப்பணிப்பு விழா ஆட்டம். எதிரில் மிச்சிகன், முந்தைய இரண்டு சீசன்களில் ஒரு தோல்விகூட இல்லாத அணி. முதல் உதையிலேயே பந்தைப் பிடித்த கிரேஞ்ச் 95 கஜம் ஓடி டச்டவுன் போட்டார். அப்புறம் 67 கஜம், 56 கஜம், 44 கஜம். 12 நிமிடத்துக்குள் நான்கு டச்டவுன். பின்பாதியில் ஐந்தாவதை ஓடி எடுத்து, ஆறாவதைப் பந்தெறிந்து கொடுத்தார். முடிவு 39–14. 'பாய்ந்தோடும் பேய்' என்ற பட்டம் அந்தக் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. கல்லூரிக்காக ஆடிய 20 ஆட்டங்களில் மொத்தம் 31 டச்டவுன்.

அவர் எப்படி ஓடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். வெறும் வேகம் என்று சொல்வது சரியாகாது. ஒரு பக்கமாகப் போக்குக் காட்டி, தடுப்பவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் சரிந்ததும், முழு வேகத்தில் இருக்கும்போதே ஒரே காலை ஊன்றி எதிர்ப்பக்கம் வெட்டித் திரும்புவார். தடுக்க வந்தவர் கை நீட்டும் நேரத்தில் அவர் அங்கே இருக்க மாட்டார். இந்த ஆட்டத்துக்கு உடம்பில் ஒரு இடம் பழுதில்லாமல் இருந்தே ஆக வேண்டும். அது முழங்கால்.

ஒப்பந்தமும் அதன் எதிர்ப்பும்

அந்தக் காலத்தில் தொழில்முறை ஆட்டத்துக்கு என்ன மரியாதை இருந்தது என்று தெரியாவிட்டால் கிரேஞ்ச் எடுத்த முடிவின் கனம் புரியாது. என்.எஃப்.எல்., அதாவது தேசியக் கால்பந்து லீக், 1920 செப்டம்பரில் ஒஹாயோ மாநிலம் கேன்டனில் ஒரு கார் ஷோரூமில் கூடிப் பேசித் தொடங்கிய அமைப்பு. பாதி அணிகள் சின்னச் சின்னத் தொழில் நகரங்களைச் சேர்ந்தவை. ஒரு சாதாரண ஆட்டக்காரருக்கு ஆட்டத்துக்கு 100 டாலர் சுமாருக்குக் கிடைத்தால் பெரிது. கல்லூரி ஆட்டத்துக்கு 60,000, 70,000 பேர் வந்த அதே வாரத்தில் லீக் ஆட்டங்கள் சில ஆயிரம் பேரோடு நடந்தன. காசுக்காக ஆடுவது இழிவு என்று பயிற்சியாளர்களும் பல்கலைக்கழகங்களும் வெளிப்படையாகவே பேசினார்கள்.

இந்தச் சூழலில் கிரேஞ்சிடம் வந்தவர் சி.சி. பைல். கல்லூரி இருந்த ஷாம்பெயின் நகரத்திலேயே தியேட்டர் நடத்தியவர், பேச்சில் கெட்டிக்காரர். ஒரு லட்சம் டாலர், ஏன், பத்து லட்சம்கூட சம்பாதிக்கலாமே, விருப்பமா என்று கேட்டுத்தான் ஆரம்பித்தார். ஒரு விளையாட்டு வீரருக்காக வேறொருவர் பேரம் பேசுவது அன்றைக்குப் புதுசு. பேர்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸோடும் அவரது கூட்டாளி டட்ச் ஸ்டெர்னமனோடும் உட்கார்ந்து பைல் முடித்த பேரத்தின் சாரம், வசூலில் பாதி அணிக்கு, பாதி கிரேஞ்சும் பைலும் இருக்கும் தரப்புக்கு. சம்பளம் என்ற பேச்சே இல்லை. ஆள் வந்தால் பணம், வராவிட்டால் இல்லை.

1925 நவம்பர் 21 அன்று கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட் அணியோடு கடைசிக் கல்லூரி ஆட்டம். இலினாய் 14–9 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்து ஸப்கே டாக்ஸியில் கூடவே வந்து மனதை மாற்றப் பார்த்தார். காசுக்காக ஆடுவதற்கு ஏற்பட்டதில்லை இந்த ஆட்டம் என்பது அவர் வாதம். சொல்லித்தரும் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்களே, ஆடும் எனக்கு வாங்கக் கூடாதா என்பது கிரேஞ்ச் வைத்த கேள்வி. நூறு வருடம் கழித்துப் பார்த்தாலும் அந்தக் கேள்விக்கு ஸப்கே தரப்பில் நேரான பதில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருவருக்கும் இடையே பிளவு விழுந்தது; ஆற நீண்ட நாள் ஆயிற்று.

மறுநாள் ஞாயிறு. கிரேஞ்ச் கையெழுத்துப் போட்டுவிட்டு சிகாகோவில் பேர்ஸ் அணியின் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். படிப்பை முடிக்கவில்லை. இது பெரிய சர்ச்சையாயிற்று. பல்கலைக்கழகங்களைப் பகைத்துக்கொள்ள லீக்குக்குத் தெம்பில்லை. 1926 பிப்ரவரியில் லீக் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு மாணவனின் வகுப்புத் தோழர்கள் பட்டம் பெறும் காலம் வரை அவனை எந்த அணியும் சேர்க்கக் கூடாது. கிரேஞ்சின் வழியிலேயே இன்னொருவர் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி அது.

18 நாளில் 10 ஆட்டம்

நன்றி நவிலல் நாள், நவம்பர் 26. சிகாகோ கார்டினல்ஸ் எதிரணி. 36,000 பேர் வந்தார்கள். கார்டினல்ஸ் அணியின் பேடி டிரிஸ்கல் அபாரமாகப் பன்ட் உதைப்பவர். கிரேஞ்ச் நிற்கும் பக்கம் பந்து போகாதபடி ஒவ்வொரு உதையையும் ஓரமாகவே போட்டார். கிரேஞ்ச் ஓடுவதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு எரிச்சல். டிரிஸ்கலைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். முடிவு 0–0. டிரிஸ்கல் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. ஜெயிக்க வேண்டுமானால் அப்படித்தான் ஆட வேண்டும். ஆனால் வந்திருந்தவர்கள் ஜெயிப்பு தோல்வி பார்க்க வந்தவர்களே இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

அதிலிருந்து டிசம்பர் 13 வரை 10 ஆட்டங்கள். இதில் டிசம்பர் 2 முதல் 13 வரையிலான 12 நாளில் மட்டும் எட்டு: செயின்ட் லூயிஸ், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், வாஷிங்டன், பாஸ்டன், பிட்ஸ்பர்க், டெட்ராய்ட், மறுபடி சிகாகோ. சனிக்கிழமை ஃபிலடெல்ஃபியாவில் மழையில் ஆடிவிட்டு இரவோடு இரவாக ரயில் ஏறி ஞாயிறு நியூயார்க்கில் இறங்கினார்கள். இன்றைக்கு ஒரு அணி வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடிவிட்டு உடம்பு தேறுவதற்கு ஆறு நாள் எடுத்துக்கொள்கிறது. இவர்கள் 20 பேருக்கும் குறைவான அணி, தாக்குவதும் தடுப்பதும் அதே ஆட்கள்.

டிசம்பர் 6 நியூயார்க் ஆட்டம்தான் 'காப்பாற்றினார்' என்ற பேச்சுக்கெல்லாம் அடிப்படை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை அந்த வருடம்தான் டிம் மாரா வாங்கியிருந்தார். குதிரைப் பந்தயத்தில் பந்தயம் எடுப்பது அவர் தொழில். அங்கே அப்போது அது சட்டப்படி நடந்த தொழில். கால்பந்தில் அவருக்குப் பல்லாயிரம் டாலர் நஷ்டம் ஏறிக்கொண்டிருந்தது. கிரேஞ்ச் வந்த ஒரே மதியத்தில் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் சுமார் 70,000 பேர். உள்ளே போக முடியாதவர்கள் வெளியே நின்றார்கள். பேர்ஸ் 19–7 என்று ஜெயித்தது. கிரேஞ்ச் எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்து ஓடி ஒரு டச்டவுன் போட்டார். மாராவின் அந்த வருட நஷ்டம் அந்த ஒரு நாள் வசூலில் அடைந்து லாபமும் நின்றது. நாட்டின் மிகப் பெரிய நகரத்தில் லீக்குக்கு ஓர் அணி நிலைத்தது.

அப்புறம் உடம்பு கேட்கவில்லை. பாஸ்டனில் ஓட முடியாமல் தடுமாறினார். கூட்டம் அவரையே கேலி செய்து கூச்சலிட்டது. பிட்ஸ்பர்க்கில் கையில் பலமாக அடிபட்டு வெளியேறினார். டெட்ராய்டில் அவர் ஆடப்போவதில்லை என்று தெரிந்ததும் பல ஆயிரம் பேர் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி நான்கு ஆட்டத்திலும் பேர்ஸ் தோற்றது.

ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி விட்டு, கிறிஸ்துமஸ் அன்று ஃபுளோரிடாவில் இரண்டாம் சுற்று தொடங்கியது. இது கொஞ்சம் நிதானமான சுற்று. தெற்கே ஆடிவிட்டு மேற்குக் கடற்கரை வழியாக 1926 ஜனவரி கடைசியில் சியாட்டிலில் முடிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியத்தில் மட்டும் 75,000 பேர். இரண்டு சுற்றும் சேர்த்து 19 ஆட்டம். கிரேஞ்ச் கையில் லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

காப்பாற்றினாரா?

சரி, இப்போது அந்தப் பட்டத்தை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் சந்தேகம் இல்லை. தொழில்முறை ஆட்டத்தை அதுவரை எட்டிப் பார்க்காத லட்சக்கணக்கானவர்கள் அரங்குக்கு வந்தார்கள், பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன, ஜயன்ட்ஸ் பிழைத்தது. ஆனால் டெட்ராய்டில் நடந்ததைக் கவனியுங்கள். கிரேஞ்ச் இல்லை என்றதும் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதே லீக், அதே ஆட்டம், அதே அணி. வந்த கூட்டம் ஓர் ஆளைப் பார்க்க வந்த கூட்டம். அந்த ஆள் நகர்ந்தால் கூட்டமும் நகரும். இரண்டு மாதத்தில் லீக்கின் மேல் யாருக்கும் பிடிப்பு வந்துவிடவில்லை.

1926இல் இது அப்பட்டமாகத் தெரிந்தது. பேர்ஸ் அணியில் மூன்றில் ஒரு பங்கு உரிமை வேண்டும் என்று பைல் கேட்டார். ஹாலஸும் ஸ்டெர்னமனும் மறுத்தார்கள். உடனே பைல் நியூயார்க்கில் யாங்கி ஸ்டேடியத்தைக் குத்தகைக்கு எடுத்து, எங்களுக்கு லீக்கில் தனி அணி கொடுங்கள் என்றார். நியூயார்க் மாராவின் எல்லை; அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பைல் பேசாமல் இருக்கவில்லை, ஒரு போட்டி லீக்கையே தொடங்கினார். ஒன்பது அணிகள், நடுநாயகமாக கிரேஞ்சின் நியூயார்க் யாங்கீஸ். ஒரு வருடத்துக்கு முன் யாரால் மாரா பிழைத்தாரோ அவரே, மாராவின் அரங்குக்கு ஆற்றின் அக்கரையில் எதிர்க்கடை போட்டார். மாராவுக்கு மறுபடி நஷ்டம். பழைய லீக் போட்டிக்குப் பயந்து 22 அணிகள் வரை ஊதிப் பெருத்தது. புதிய லீக்கில் சீசன் முடிவதற்குள்ளேயே அணிகள் வரிசையாக மூடின. ஒரே வருடத்தில் அது செத்துப்போனது.

என் வாசிப்பு இது. கிரேஞ்ச் லீக்குக்குக் கொடுத்தது ஒரு நிரூபணம். பெரிய நகரத்தில், நல்ல அரங்கில், பேர் தெரிந்த ஆட்டக்காரர் ஆடினால் ஜனம் காசு கொடுத்து வரும். அந்த நிரூபணத்தை எடுத்து வேலை செய்தவர் லீக்கின் தலைவர் ஜோ கார். 1927இல் அவர் பலவீனமான சிற்றூர் அணிகளைக் கழித்து 22ஐ 12ஆகக் குறைத்தார். லீக் நிலைபெற்றதில் கிரேஞ்சின் பங்கு எவ்வளவோ, காரின் கத்தரிக்கோலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இதைச் சொல்வதால் கிரேஞ்சுக்கு எதுவும் குறைந்துவிடாது. 22 வயதுப் பையனிடம் ஒரு தொழிலையே தூக்கி நிறுத்தும் பாரத்தைச் சுமத்திப் பேசுவதுதான் எனக்கு நியாயமாகப் படவில்லை.

1927 அக்டோபர் 16

யாங்கீஸ் அணியை மட்டும் பழைய லீக் சேர்த்துக்கொண்டது. அவர்கள் சிகாகோ வந்து பேர்ஸோடு ஆடிய நாளில், பந்தைப் பிடிக்க எழும்பி இறங்கிய கிரேஞ்சின் ஷூ ஆணிகள் புல்தரையில் மாட்டிக்கொண்டன. அந்த நொடியில் பேர்ஸின் சென்டர், அதாவது முன்வரிசையின் நடுவில் ஆடுபவர், ஜார்ஜ் டிராஃப்டன் அவர் மேல் விழுந்தார். பாதம் தரையில் நிற்க, முழங்கால் திருகிக்கொண்டது. தசைநார் கிழிந்தது. டிராஃப்டன் முரட்டு ஆட்டத்துக்குப் பேர் போனவர்தான். ஆனாலும் இது தற்செயல் என்றே கொள்ளலாம்.

இன்றைக்கு இந்தக் காயத்துக்கு அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் உடற்பயிற்சி, அடுத்த சீசனில் திரும்பி வரலாம். அன்று இப்படிப்பட்ட கிழிசலைச் சீராக்க நம்பகமான வழி கிடையாது. கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுவது. டிக்கெட் விற்பதே அவர் பேரை வைத்துத்தான் என்பதால், ஆறாத காலோடு அதே சீசனில் களம் இறங்கினார். அது காயத்தை இன்னும் மோசமாக்கியது. 1928 முழுக்க ஆடவில்லை. ஊர் ஊராகப் போய் மேடை நிகழ்ச்சிகளில் தலைகாட்டினார். பைலோடு இருந்த கூட்டும் முடிந்தது.

முழு வேகத்தில் காலை ஊன்றித் திரும்பும் அந்த வெட்டு இனி வராது. நேராக ஓடலாம், அவ்வளவுதான். திரும்பிய பிறகு நானும் நேராக ஓடும் சராசரி ஹாஃப்பேக்தான் என்று அவரே பின்னாளில் பேட்டிகளில் சொன்னார்.

இரண்டாவது கிரேஞ்ச்

1929இல் ஹாலஸ் கூப்பிட்டு மறுபடி பேர்ஸில் சேர்த்துக்கொண்டார். இங்கே ஆறு சீசன். அதே அணியில் முதல் மூன்று வருடம் அவர் தம்பி கார்லண்டும் ஆடினார். கிரேஞ்சின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு நட்சத்திரம் தேய்ந்த பிறகு என்ன செய்வது என்பது எந்த விளையாட்டிலும் கஷ்டமான கேள்வி. பழைய பேரை வைத்துக்கொண்டு ஒப்புக்கு ஆடிவிட்டுப் போகலாம். கிரேஞ்ச் தன் ஆட்டத்தின் எந்தப் பாதிக்கு அந்த முழங்கால் தேவையில்லையோ அந்தப் பாதியை எடுத்து மெருகேற்றினார். தடுப்பில் பின்வரிசையில் நிற்பவருக்கு வேகம் வேண்டும்தான்; அதைவிட, பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே படிக்கும் கண் வேண்டும். பல வருடமாகத் தடுப்பவர்களை ஏமாற்றியே பிழைத்தவருக்கு, ஓடிவருபவன் அடுத்து எந்தப் பக்கம் வெட்டுவான் என்பது அத்துப்படி. லீக்கின் மிகச் சிறந்த பின்வரிசைத் தடுப்பாளர்களில் ஒருவராக அவர் ஆனார். 1931இல் லீக்கின் சிறந்த 11 பேர் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

தாக்குதலிலும் புதிய பயன் கிடைத்தது. 1930இல் பயிற்சியாளராக வந்த ரால்ஃப் ஜோன்ஸ், ஒரு முயற்சியில் பந்து கிளம்புவதற்கு முன் ஒரு ஆட்டக்காரரைப் பக்கவாட்டில் ஓடவிடும் உத்தியைக் கொண்டுவந்தார். அப்படி ஓடியவர் கிரேஞ்ச். அவர் நகர்ந்தால் எதிரணிக் கண்களும் கூடவே நகரும். பந்து வேறு பக்கம் போகும், பெரும்பாலும் அந்த வருடமே அணிக்கு வந்த ப்ரோங்கோ நகர்ஸ்கி என்ற ராட்சசனிடம். தன் மேல் இருந்த பயத்தை இன்னொருவர் ஓடுவதற்குப் பாதையாகக் கொடுத்தார்.

1932 டிசம்பர் 18. பேர்ஸும் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸும் பட்டியலில் சமநிலை. ஒரு கூடுதல் ஆட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். சிகாகோவில் கடுங்குளிர், பனிப்பொழிவு. ஆட்டத்தை சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்குக்கு மாற்றினார்கள். சர்க்கஸுக்காகக் கொட்டிய மண் அங்கே அப்படியே கிடந்தது; அதன் மேல்தான் ஆட்டம். இடம் போதாமல் களம் மொத்தமே 80 கஜ நீளம். கடைசிக் கால்பகுதி வரை யாருக்கும் புள்ளி இல்லை. கோட்டுக்கு இரண்டு கஜம் இருக்கையில் நகர்ஸ்கி முட்டி மோதி நுழைவதுபோல முன்னே வந்து, சட்டென்று பின்வாங்கிப் பந்தை எறிந்தார். கோட்டுக்குப் பின்னால் அதைப் பிடித்தவர் கிரேஞ்ச். பந்தெறிபவர், அந்த முயற்சியில் பந்து கிளம்பும் கோட்டிலிருந்து ஐந்து கஜமாவது பின்னால் நின்றுதான் எறிய வேண்டும் என்பது அப்போதைய விதி. நகர்ஸ்கி அவ்வளவு பின்னால் போகவில்லை என்று போர்ட்ஸ்மத் பயிற்சியாளர் கொதித்தார். நடுவர் டச்டவுன் என்றே நின்றார். முடிவு 9–0.

இரண்டே மாதத்தில் லீக் விதியை மாற்றியது. 1933 முதல், பந்து கிளம்பும் கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் எறியலாம். களத்தின் ஓரத்தில் ஆட்டம் முடங்காமல் இருக்கப் பந்தை உள்ளே கொண்டுவந்து வைக்கும் கோடுகள் வந்தன. கோல் கம்பங்கள் முன்னுக்கு நகர்ந்தன. லீக்கை இரண்டாகப் பிரித்து ஒவ்வோர் ஆண்டும் இறுதிப் போட்டி நடத்த ஏற்பாடானது. இன்றைய ஆட்டம் இன்றிருக்கும் வடிவத்துக்கு வந்ததில் அந்தச் சர்க்கஸ் மண்ணுக்கு இருக்கும் பங்கு, 1925 சுற்றுப்பயணத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை.

முதல் இறுதிப் போட்டி 1933 டிசம்பர் 17, ரிக்லி ஃபீல்ட். எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ், எட்டு வருடம் முன்பு கிரேஞ்சின் வரவால் பிழைத்த அதே அணி. முன்னிலை மாறி மாறி வந்தது. கடைசியில் நகர்ஸ்கி எறிந்ததை பில் ஹியூவிட் பிடித்து, பக்கத்தில் வந்த பில் காருக்குத் தள்ளிவிட, அவர் கோட்டைத் தொட்டார். பேர்ஸ் 23, ஜயன்ட்ஸ் 21. மிச்சம் சில நொடிகள்.

ஹாரி நியூமன் நீளமாக எறிந்தார். ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர் பிடித்துத் திரும்பினார். எதிரே ஒரே ஒருவர், கிரேஞ்ச். பந்துக்காரருக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜயன்ட்ஸ் ஆள் ஓடி வருகிறார். இருவருக்கு ஒருவர். டாக்கிள் என்றால் இடுப்புக்குக் கீழே கால்களைப் பிடித்துச் சாய்ப்பதுதான் பாடம். அதுதான் உறுதியான பிடி. ஆனால் காலைப் பிடித்தால் கைகள் சும்மா இருக்கும். விழும்போதே பந்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார், அவர் ஓடிப் போய் ஆட்டத்தை முடித்துவிடுவார். கிரேஞ்ச் யோசிக்க அரை நொடிகூட இல்லை. நிமிர்ந்தபடியே நெஞ்சுயரத்தில் பாய்ந்து, ஆளையும் பந்தையும் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறுக்கினார். தள்ளிவிடக் கை வரவில்லை. இருவரும் அப்படியே தரைக்கு வந்தார்கள். நேரம் முடிந்தது. தான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த தடுப்பு அதுதான் என்று ஹாலஸ் பிற்காலத்தில் சொன்னார். ஹாலஸ் நாற்பது சீசன் பயிற்சியாளராக இருந்தவர்.

இந்த டாக்கிளில் ஓட்டமே இல்லை. பழுதான முழங்கால் அங்கே ஒரு பொருட்டே ஆகவில்லை. நிலைமையைப் படித்தது, பாடத்தை மீறத் துணிந்தது, இரண்டும் ஆறு வருடத்து உழைப்பில் வந்தவை. மிச்சிகன் ஆட்டத்தின் 12 நிமிடத்தோடு இதை நிறுத்துப் பார்த்தால் எனக்கு இதுதான் கனமாகத் தெரிகிறது.

ஒரு சீசன் கூட ஆடினார். 1935 ஜனவரியில் மேற்குக் கடற்கரையில் ஒரு காட்சி ஆட்டம். பந்தோடு தனியாகப் பிரிந்து கோட்டை நோக்கி ஓடியவரை, கனத்த உடம்புள்ள ஒரு முன்வரிசைக்காரர் பின்னாலிருந்து துரத்தி வந்து பிடித்துவிட்டார். போதும் என்று அன்றே தெரிந்துவிட்டது என்பார் கிரேஞ்ச். அப்போது அவருக்கு 31 வயது. அப்புறம் சில காலம் பேர்ஸின் உதவிப் பயிற்சியாளர், பிறகு காப்பீட்டுத் தொழில், ரேடியோவிலும் டிவியிலும் வருடக்கணக்கில் வர்ணனை. 1963இல் கேன்டனில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபம் திறந்தபோது முதல் 17 பேரில் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். ஹாலஸ், நகர்ஸ்கி, ஜோ கார், டிம் மாரா எல்லோரும் அதே முதல் வரிசையில். 1991 ஜனவரி 28 அன்று ஃபுளோரிடாவில் காலமானார்.

அவரது எண்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லீக் அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் எடுக்கத் தொடங்கியதே 1932இல்தான். 1925இன் ஓட்டங்கள் அதில் வராது. டாக்கிள்களை அன்று யாரும் எண்ணவே இல்லை. ஆகவே அட்டவணையில் தெரியும் கிரேஞ்ச், சில கஜங்கள் ஓடிய சுமாரான ஹாஃப்பேக். அதை வைத்து அவரை எடைபோட்டு, 'பேர்தான் பெரிசு' என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் 1933 இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளைப் பற்றிய விவரங்களையும் படித்துவிட்டு எழுதட்டும்.